உன் கூடையில் தைத்த தோல்வார்

அக்கா,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. தோட்டத்தில் நீ இருந்த ஒற்றை அறைக் காம்பிராவைக் காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். சுவரில் தொங்கிய கம்பளியை எடுத்தபோது அதன் பின்னால் உன் கொழுந்துக்கூடை இருந்தது. அதில் தலையில் மாட்டித் தூக்கும் தலைக்கயிறு இல்லை. மருந்தடிக்கும் மிசினின் பழைய தோல்வார்கள் இரண்டைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தாய். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலையில் கொப்புள நோய் விழுந்த வருஷம் அது. மலை மலையாகக் கொழுந்து கருகியது. மருந்தடிக்கத் தோட்டத்துத் துரை ஆறு மிசின் இறக்கினார். பித்தளைப் பீப்பாயை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் பம்பை அடிக்க வேண்டும். செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் நாங்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை. மருந்துக்கோ பாரத்துக்கோ நாங்கள் பயப்படவில்லை. அதைப்போல இரண்டு மடங்கு கனமான உரமூட்டையைத் தலையில் சுமந்தவர்கள் நாங்கள். ஆனால் முதுகில் மாட்டினால் கூடை தூக்கிய பெண்பிள்ளை மாதிரி இருக்குமே, அதுதான் எங்கள் பெரிய கவலை. வாய்க்கொழுப்பு எனக்குத்தான் அதிகம், முந்திக்கொண்டு சொன்னேன்.

"முதுகுல தூக்குறது பொம்பளை வேலைங்க ஐயா."

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கத்தவில்லை. நாளைக் காலை பேர் கூப்பிடும் பெரட்டில் நான் மிசினை மாட்டாவிட்டால் என் பேரை வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டு கொடுத்து, தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவதாக நிதானமாகச் சொன்னார். காம்பிரா அப்போது என் பேரில் இருந்தது. நான் போனால் நீயும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். சாயங்காலம் நீ அதைச் சொல்லிப் பார்த்தாய். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பனியில் ஆறு மிசின்களும் வரிசையாக நின்றன. என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. ஐயா பேனாவைத் திறந்தார். வீம்பு விடவில்லை. அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து நீ வந்தாய். கூடையைக் கீழே வைத்துவிட்டு மிசினைத் தூக்கி மாட்டிக்கொண்டாய்.

"எங்களுக்குக் கூடையும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். நான் அடிக்கிறேங்க."

பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஓடிவந்து உன் முதுகிலிருந்து மிசினைப் பிடுங்கினேன். வாரின் கொக்கி உன் மணிக்கட்டைக் கிழித்தது. அதைப் பார்த்தும் நான் நிற்காமல் மாட்டிக்கொண்டு மலையேறினேன். பின்னாலேயே மற்ற ஐந்து மிசின்களையும் மாட்டிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள்.

அந்த மலைகள் பிழைத்தன. இரண்டு வருஷத்தில் மிசின் எங்களுக்குக் கௌரவமாகிவிட்டது. மத்தியானத்தோடு வேலை முடியும்; தோளில் வார்த்தழும்பு இருந்தால் ஒரு மிடுக்கு. மருந்தடிக்கும் ஆட்களுக்கு நான் கங்காணியானேன். அப்போது ஒரு நாள் நீ வந்து நின்றாய்.

"தலைக்கயிறு இழுத்து இழுத்துக் கழுத்து திரும்ப மாட்டேங்குதுடா. தோள்ல மாட்டுற வேலைன்னா சமாளிச்சிருவேன். எனக்கு ஒரு மிசின் குடு."

சுற்றிலும் என் ஆட்கள் இருந்தார்கள்.

"அது ஆம்பளை வேலைக்கா."



"எப்ப இருந்துடா?"

 ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்ட மிசினைக் காட்டி அதன் வார்களையாவது கொடுக்கச் சொன்னாய். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அறுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் கல்யாணமாகி, காம்பிராவை உன் பேருக்கு மாற்றிவிட்டு, டயகம பக்கத் தோட்டத்துக்குப் போனவன்தான். வந்த நேரங்களிலும் உன் கூடையைப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் தெரிகிறது, கூடையின் பாரத்தைத் தோளுக்கு மாற்றி, நீ உன் கழுத்துக்கு உன் கையாலேயே வழி தேடியிருக்கிறாய்.

மத்தியானம் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கையில் பிடித்துப் போக மனம் வரவில்லை. முதுகில் மாட்டிப் பார்த்தேன். உன் தோளுக்கு அளவெடுத்த வார், எனக்கு எட்டவில்லை. ஒற்றைத் தோளில் தொங்கவிட்டுப் பெரட்டுக்களத்தின் நடுவே நடந்தேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மாதிரி சிரித்திருக்கலாம், அக்கா.