எண் இறங்கிய திங்கட்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ செய்தது தவறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீச்சல் குளத்துக்குப் போன் போட்டு, என்னை உள்ளே விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். துண்டும் தொப்பியுமாகப் போய் நின்றவளைக் குளத்துக் காவலர் வாசலிலேயே மறித்தார். அவரை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவோம். “கோச்சுக்காதீங்கம்மா, உங்க பொண்ணு போன் பண்ணாங்க. நெஞ்சு நம்பர் ஏறுற வரைக்கும் தண்ணிப் பக்கமே விடாதீங்கன்னாங்க” என்றார். வரிசையில் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல், ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானாக நீந்தக் கற்றவள். எனக்கு இந்த மரியாதை!

போனில் சொன்னால் பாதியில் “மீட்டிங் இருக்கும்மா” என்பாய். அதனால் எழுதுகிறேன்.

என் நெஞ்சு எண்ணை உன் போனுக்கும் காட்டிக்கொடுக்கிற, நீ அனுப்பிய வாட்சைக் கட்டிக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. படித்துப் பார்த்தேன். நெஞ்சு ஒரே சீராக அடிப்பதில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி இம்மியளவு கூடும், குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறார்கள். உடம்பு நன்றாக ஓய்வெடுத்திருந்தால் பெரும்பாலும் எண் ஏறும். அலுப்பு, காய்ச்சல், தூக்கக்கேடு என்றால் இறங்கும். பட்டை தளர்ந்திருந்தாலும் தப்பாகக் காட்டும். ஒரு சோறு பதம் என்பதெல்லாம் சோற்றுக்குத்தான். இதற்கு ஒரு வாரமாவது சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுவும் அவரவர் வழக்கத்தோடு ஒப்பிட்டு. மாப்பிள்ளை தன் எண்ணை என் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பெருமை பேசுவதில் அர்த்தமே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை எண் ஏன் இறங்கியது என்று, குளத்துக்குப் போன் போடும் முன் என்னைக் கேட்டிருக்கலாமே. முந்தின நாள்தான் “லீவு கிடைச்சா வரேம்மா” என்றாய். உடனே உன் அறைத் திரைச்சீலைகளைத் துவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. மனசு சந்தோஷத்தில் குதித்தாலும் எண் இறங்கத்தான் செய்யும். இறங்கியது எதனால் என்று வாட்சுக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை, லீவு இல்லை, வரமுடியாது என்று செய்தி அனுப்பினாய். மறுநாள் எண் பழையபடி ஏறிவிட்டது. நன்றாக ஓய்வெடுத்திருக்கிறேன் என்று வாட்ச் பச்சையாகக் காட்டியது. நீயும் பார்த்திருப்பாய், நிம்மதியாக இருந்திருப்பாய். அதனால்தானே அதற்குப் பிறகு போனே இல்லை. எண் விழுந்தால்தான் எனக்கோ விசிலுக்கோ உன் குரல் கேட்கிறது. இதையும் நான் கவனிக்காமல் இல்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். எண்தான் ஏறிவிட்டதே, விசிலுக்கு நீயே போன் செய்து, என்னை உள்ளே விடச் சொல். நான் தினமும் எழுந்ததும், காபிக்கு முன், படுத்தபடியே அளப்பேன். வாரக்கணக்கில் இறங்கியே கிடந்தாலோ, மயக்கம், மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தாலோ, யாரும் சொல்லாமல் நானே டாக்டரிடம் போவேன். மாப்பிள்ளை தன் எண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். எண் நன்றாக இருக்கும் நாளிலும் நீ கூப்பிட வேண்டும். லீவுக்கு மறுபடி எழுதிக் கொடு. நீ வாசலில் வந்து நிற்கிற அன்றைக்கு என் எண் தலைகுப்புற விழும். அன்று யாரும் யாருக்கும் போன் செய்யக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

கரையில் நிற்கும்
உன் அம்மா