சுந்தரம் சாரின் பெயர்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து சுந்தரம் சாரின் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார் துறைத்தலைவர். "கணக்கு வாத்தியாருக்குப் பூச்சிகிட்ட என்னம்மா சோலி?" என்று சிரிப்பு வேறு.

மூன்று வருஷமாகச் சில்வண்டின் நரம்பில் ஊசி வைத்துத் துடிப்பைப் பதிவு செய்கிறேன். ஒரு நாள் வேகமாக வரும், மறுநாள் மந்தமாகிவிடும். பூச்சியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் துடிப்புக்குச் சமன்பாடு எழுதிய சுந்தரம் சார்தான், "அன்னைக்குக் குளிர் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார். நான் குறித்து வைக்கவே இல்லை.

பிறகு குரங்கணி ஏலத்தோட்டத்தில் அட்டைக்கடி பட்டுக்கொண்டே என்னோடு பூச்சி பிடித்தார். ஐஸ் வைத்துக் குளிரூட்டி மறுபடி அளந்தோம். அவர் கணக்கு சொன்னபடியே துடிப்பு மந்தமானது. ஓரிடத்தில் மட்டும் பொருந்தவில்லை. பூச்சியைக் குறை சொல்லாமல் கணக்கைத் திருத்தினார்.

"அவர் பேரு இல்லேன்னா என் பேரும் வேண்டாம் சார்" என்றேன்.

"பதவி உயர்வு வர்ற நேரம், யோசிச்சுப் பேசும்மா."

யோசிக்கவில்லை. அவர் மேஜையிலிருந்து கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் கேட்டு சுந்தரம் சார் பதறிப்போனார். "எனக்காக ஏன் மேடம் பகைச்சுக்கிறீங்க?"

உங்களுக்காக இல்லை சார், இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை, நடந்தது அதுதான் என்றேன்.

காலையில் தபாலாபீஸ் திறந்ததும் இரண்டு பேர் பெயரோடும் ஆய்விதழுக்கு அனுப்பிவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், உறையை ஒட்டியாகிவிட்டது.