தண்ணீர் ஏறவில்லை, நிலம் இறங்கியது

ஸ்டாஃப் ரூமுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று உன் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் மக்கிய ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. சிவாஜிநகர் மெத்தைக் கடைக்காரரிடம் மல்லுக்கட்டி நீ வாங்கி வந்த இரண்டு ஃபோம் துண்டுகள். தொட்டதும் மஞ்சள் பொடியாய் உதிர்ந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் உன் சாமான்களோடு நான்தான் மாரடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பூகோளப் பாடத்தில் நீ செய்த அமர்க்களம் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும். இரண்டும் இரண்டு புவித்தட்டுகள். எதிரெதிரே நெருக்கினால் நடுவில் மடிந்து எழும்பும். "இதுதான் இமயமலை." விலக்கினால் இடைவெளி. "கடலுக்கு அடியில இந்த வழியா புதுப்பாறை ஊறி வருது." பக்கவாட்டில் உரசி இழுத்தால் சிக்கி நின்று பிறகு விடும். "இந்தச் சட்டுனு விடுறதுதான் பூகம்பம்." கடைசியில் ஒன்றை இன்னொன்றின் அடியில் செருகுவாய். கீழே போகிற தட்டு மேல்தட்டின் முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். அது விடுபடும்போது முனை துள்ளி எழும், அதற்குப் பின்னால் இருக்கிற பகுதி தாழும். பிள்ளைகள் எல்லாரும் துள்ளுகிற முனையையே பார்ப்பார்கள். "பின்னாடி பாருங்க, பின்னாடி" என்று கத்துவாய்.

"கோடிட்ட இடத்தை நிரப்புக, ஒரு மார்க். அதுக்கு எதுக்கு மிஸ் மெத்தை?" என்று ஹெச்.எம். கேட்டார். நீ சாக்பீஸ் டப்பாவை என் மேசையில் டமாலென்று வைத்தாய். "பேஜாரா இருக்குடி. ஒரு மார்க்காம்."

குஜராத்தில் பூகம்பம் வந்த வாரம் அதே ஹெச்.எம். உன்னைத் தேடி வந்தார். பெங்களூரிலும் வரப்போகிறது என்று ஊரெல்லாம் வதந்தி. பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லுங்கள் என்றார். நீ பிரேயரில் மைக் பிடித்து, "நாம புவித்தட்டோட நடுவுல இருக்கோம், ஓரத்துல இல்ல. அதனால பெருசா வர வாய்ப்பு கம்மி" என்று சொன்னாய். அதைத்தான் சொன்னாய், நானும் அங்கே நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் என் அடுப்பில் இருந்த இட்லிப்பானை மூடி தாளம் போட்டது, தரை அதிர்ந்தது. எங்கள் ஜீவனஹள்ளி மொத்தமும் தெருவுக்கு வந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஸ்கூல் கேட்டில் பெற்றோர் கூட்டம். ஒரு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு உன்னை மறித்தார்.

"ஒன்னும் வராதுன்னு சொன்னீங்களே மிஸ். எங்க வீட்டுச் செவுரு விரிஞ்சுபோய் நிக்குது."

"வராதுன்னு சொல்லலம்மா. வாய்ப்பு கம்மின்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒன்னுதானே மிஸ்."

தட்டின் நடுவிலும் பழைய விரிசல்கள் உண்டு, அங்கேயும் அழுத்தம் சேரும் என்று நீ ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு காய்கறிக்காரர் வரைக்கும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போர்ட் பிளேரில் இருந்த உன் அண்ணன்கூட போனில் கிண்டல் செய்தார். எலக்ட்ரீஷியன் வேலைக்கு என்று சின்ன வயதிலேயே அந்தமானுக்குப் போனவர். ஊருக்கு வெளியே, கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான நிலத்தில் வீடு கட்டித் தென்னையும் பாக்கும் வைத்திருந்தார். கீழ்வீட்டில் இருந்த உன்னிடம் போன் இல்லாததால் மாடியில் இருந்த என் வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவார்.

நாலு வருஷம் கழித்து, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பல நாள் லைன் கிடைக்கவில்லை. நீ என் வீட்டுக் கூடத்தில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், சாப்பிடக்கூட இறங்கிப் போகவில்லை. கடைசியில் அவர் குரல் வந்தது. "எல்லாரும் உசுரோட இருக்கோம். வீட்டுக்குள்ள தண்ணி. வடிஞ்சதும் கழுவி விடணும்." அன்றைக்கு நீ சிரித்தாய்.

பொங்கல் கழிந்தும் தண்ணீர் வடியவில்லை. தினமும் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது என்றார். நீ ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய்.

"அண்ணே, அது வடியாது. தண்ணி ஏறல. நிலம் இறங்கிடுச்சு."

"நிலம் எப்படி இறங்கும்? அது இன்னா லிஃப்ட்டா?"

"அடியில தட்டு விடுபட்டதுல உங்க பக்கம் தாழ்ந்துபோச்சு. கடல் இருந்த மாதிரியேதான் இருக்கு, தினமும் பொங்கி வத்துறதுதான் இப்ப வீட்டுக்குள்ள வருது. அங்க மண்ணு கொட்டாத. மேட்டுல வேற எடம் பாரு."

"பெங்களூருக்கு ஒன்னும் ஆவாதுன்னு சொன்னவதான நீ? உன் பேச்சக் கேட்டு வீட்ட விட்டுட்டுப் போணுமா?"

லைனைத் துண்டித்துவிட்டார். நீ இரண்டு நாளாவது பொறுத்திருக்கலாம். மறுநாளே திருப்பிக் கூப்பிட்டு அதையே சொன்னாய், அடுத்த வாரமும் சொன்னாய். அவர் மண்மேடு எழுப்பினார். கடல் அதை உடைத்தது. மறுபடி எழுப்பினார்.

கோடை விடுமுறையில் கப்பலேறிப் போனாய். திரும்பி வந்தபோது கறுத்திருந்தாய், கன்னம் ஒட்டியிருந்தது. துவைத்த துணியை மொட்டைமாடியில் உலர்த்திக்கொண்டே சொன்னாய். தென்னை எல்லாம் நின்றபடியே கருகியிருந்ததாம். அண்ணனும் நீயும் வாசற்படியில் நிற்க, அலை இல்லாமல் சத்தமில்லாமல் தண்ணீர் உள்ளே வந்ததாம்.

"இந்த எடம் எப்ப மேல வரும்?" என்று கேட்டாராம் அவர்.

"மெல்ல வரும் அண்ணே. நம்ம ஆயுசுல இல்ல."

அதற்குமேல் அவர் உன்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் மேட்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அண்ணிதான் சொன்னார்.

அந்த ஜூனில் ஃபோம் துண்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாய். பக்கத்து வகுப்பிலிருந்து எழுதச் சொல்லும் குரல் மட்டும் வந்தது. கேள்வி, விடை, அடுத்த கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னிடம் சண்டைக்கே வந்தேன்.

"உங்க அண்ணன் கேக்கலன்னா இந்தப் பிள்ளைங்க இன்னா பண்ணுச்சு?"

"சொல்லி இன்னாடி ஆச்சு?" என்றாய். ஆனால் நீ அவ்வளவு சீக்கிரம் வாயை மூடியிருக்கக் கூடாது. பிறகு ரத்தப் புற்று வந்து, பேச நினைத்தாலும் தெம்பில்லாமல் ஆகிவிட்டது.

உன் காரியத்துக்கு அண்ணன் வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். என் வீட்டுக் கூடத்தில் அந்தப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காப்பியை ஆறவிட்டுவிட்டுப் பேசினார்.

"அவ மொதல் தடவ சொன்னப்பவே எனக்குத் தெரியும்மா. சுனாமித் தண்ணின்னா வந்துட்டுப் போயிருக்கணும். இது நேரம் வெச்ச மாதிரி வந்துக்கினு இருந்துச்சு. கண்ணால பாத்துட்டுதான் இருந்தேன். யார் மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சு. கடல்கிட்ட போய் சண்ட போட முடியுமா? அவதான் இருந்தா."

"இத அவகிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்று சொல்லி அழுதார்.

சொல்லணும் என்றுதான் இருந்தாராம். அந்த டம்ளரைப் பிடுங்கி வீசத் தோன்றியது. அழுதுகொண்டிருந்த மனிதரை என்ன செய்வது? உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் துலக்கினேன். அவர் அந்த வார்த்தையை என்னிடம் இறக்கி வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். பஸ்ஸில் போகும்போதும், போர்டில் கணக்குப் போடும்போதும் அது என்னோடு வருகிறது. உனக்குச் சேர வேண்டியது என்னிடம் தங்கிக் கிடப்பதில் எனக்கு ஒரு நாளும் சம்மதமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் அண்ணன் நீ சொன்னதை நம்பினார். முதல் நாளே நம்பினார்.