ஒரு நூல் தள்ளிய வெட்டு

ஆவடி, 6-9-98, ஞாயிறு

மகன் நாகேந்திரனின் கம்ப்யூட்டர் மேல் கிடந்த துணியை இன்று எடுத்தேன். அவன் காமாலையில் போனதிலிருந்து யாரும் தொடவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் மூன்று முறை கூவியது. திரை கறுப்பாகவே இருந்தது. சமையற்கட்டிலிருந்து கஸ்தூரி ஓடிவந்தாள். "கூப்ட்டானா?" என்றாள். என்ன கேட்டோம் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மைக் வாங்கிய அன்று இதில் குரல் பதிந்து வைத்ததாகச் சொன்னான். போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது. அவன் குரல் இதற்குள் மட்டும்தான்.

8-9

அப்படிக் கூவினால் உள்ளே இருக்கும் ரேம் பட்டை போயிருக்கும் என்றார் ஃபேக்டரி ஸ்டோர்ஸ் கோதண்டம்.

9-9

கஸ்தூரி: "அதைப் போடாதீங்க." சாப்பிடும்போது: "சரியாயிடுமா?"

12-9, சனி

ரேம் வாங்கி வந்தேன். பழையது எந்த வகை என்று பார்க்காமல் "பெரிசா குடு" என்று கேட்ட புத்தி! பழையது குட்டை, இது நீளம். போர்டில் நீளமான குழி ஒன்று காலியாகத்தான் இருந்தது. பட்டையின் அடியில் இருந்த வெட்டு மட்டும் குழியோடு பொருந்தாமல் ஒரு நூல் அளவு தள்ளி இருந்தது. நான் ஃபிட்டர் — உட்காராததை உட்கார வைப்பதுதானே என் பிழைப்பு? அரத்தை எடுத்து ராவினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமை வேறு.

ஸ்விட்ச் போட்டேன். கூவவில்லை. கருகல் நாற்றம்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்... அவன் குரலை நானே —

13-9

பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் கூவுவது கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சத்தம் இல்லை. கஸ்தூரியும் நிமிர்ந்து பார்க்கிறாள். உனக்கும் கேட்டதா என்று கேட்க பயமாக இருக்கிறது.

15-9

லீவு போட்டுவிட்டு, பெட்டியோடு பஸ் ஏறி அம்பத்தூரில் சுலைமான் கடைக்குப் போனேன். ராவிய இடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா அண்ணாத்தே, அரம் போட்டுக்கினு! அந்த வெட்டு இன்னாத்துக்கு கீது? தப்பான ரேம் உள்ள பூராம தடுக்கத்தான்."

கருகியது ரேம் மட்டும்தான். போர்டு பிழைத்தது, குரல் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் பிழைத்தது. "பழைய குழியில ஜோடியாத்தான் போடணும். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்" என்று எங்கெங்கோ துழாவி ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். திரை வெளிச்சமானது. இங்கே எதையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

16-9

சாயங்காலம் கஸ்தூரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்தேன்.

"அம்மா, இதுல எதுனா பேசு."

அவன்தான். சளி பிடித்த குரல். பின்னால் தாளிக்கும் சத்தம், அதோடு கஸ்தூரியின் குரல்: "வேலையா இருக்கேன்டா, அப்புறம் பேசுறேன்." அவ்வளவுதான் இருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டேன். அவன் கேட்டான். உள்ளே இருக்கிற கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு. வேலையெல்லாம் ஒண்ணுமில்ல, சொல்லு."