நாலாம் மாடிக்காரியின் குரல்

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் இன்று சொன்ன பேச்சைக் கேட்டது. ஐந்தை அமுக்கினால் ஐந்திலேயே நின்றது. மூன்று வாரமாக நாலரையில் நின்று கதவைத் திறந்து என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் அக்கா போன் செய்தாள். நாலு வருஷமாக நான் தனி ஆளாக என்னதான் செய்கிறேன் என்று மறுபடியும் விளக்கச் சொன்னாள். விளக்கினேன். நான் செய்வது கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டு. ஏழு மாடிக் கட்டடம். ஆடுகிறவர்தான் லிஃப்ட். யாரை ஏற்றுவது, யாரைக் காக்கவைப்பது, கையில் இருப்பது அந்த அதிகாரம் மட்டும். ஏறுகிறவர்கள் இறங்கும் வரை பேசுவார்கள். இறங்கினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். மீதி வேண்டுமென்றால் அவர்கள் அடுத்த முறை ஏறும்வரை காத்திருக்கவேண்டும். சுடுவது கிடையாது, ஓடுவது கிடையாது.

"சரி, இதுல ஜெயிக்கறது எப்படி?"

"ஜெயிக்க முடியாது."

"அப்ப எவன் விளையாடுவான்?"

"உனக்குப் பக்கத்து வீட்டுல என்ன சண்டைன்னு கேக்கற ஆசையே கிடையாதா?"

போனை வைத்துவிட்டாள். ஆசை இருக்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 9, திங்கள்

கோட்டுக்காரரோடு முதல் பேச்சு. விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்தில் பெரிய ஆள். தன் வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் பேசும்போதும் கோட்டைக் கழற்றுவதில்லை. இணையத்தில் நான் போட்டிருந்த விளையாட்டின் படங்களைப் பார்த்து அவரே தேடி வந்தார். விளம்பரம், பத்து மொழிகளில் மாற்றுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பாம். கேட்கக் கேட்க எனக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "ஒவ்வொரு டிரிப்புக்கும் ஸ்டார் குடுக்கலாம். லேட்டானா ஏறினவங்க கத்துவாங்க. மூணு ஸ்டார் வாங்கினா அடுத்த மாடி திறக்கும். சின்ன மாற்றம்தான்."

சின்ன மாற்றமாம். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஆறு வருஷம் இதைத்தானே செய்தேன்? ஆடுகிறவரை நாற்காலியை விட்டு எழவிடாமல் செய்வது எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி வேறு. ஒருநாள் பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது, எதிரில் ஒரு பெண்மணி உள்ளே தன் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் போனில் நான் செய்த ஸ்டாரைத் துரத்திக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ராஜினாமா.

20ஆம் தேதிக்குள் டெமோ கேட்கிறார், ஆடிப்பார்க்க ஒரு மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்டார் கிடையாது. தலைகீழாக நின்றாலும் கிடையாது.

மார்ச் 20, வெள்ளி

ஸ்டார் இல்லாத டெமோவை அனுப்பிவிட்டேன். இஷ்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

அனுப்பும் முன் வழக்கமான தேடல். தற்காலிகமாக வைக்கும் எந்த ஃபைலுக்கும் "இப்போதைக்கு" என்றுதான் பெயரைத் தொடங்குவேன். என் குரலில் நானே உளறியது, வாயால் செய்த கதவுச் சத்தம், எல்லாமே இப்போதைக்கு-1, இப்போதைக்கு-2. கடைசியில் அந்தச் சொல்லைத் தேடுவேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் வீடு சுத்தம். இன்று ஒன்றுமே கிடைக்கவில்லை. நிம்மதி.

மார்ச் 28, சனி

கோட்டுக்காரர் கூப்பிட்டார். ஸ்டார் பேச்சையே எடுக்கவில்லை. "அந்த நாலாம் மாடி லேடி! யாரும்மா அந்த ஆர்ட்டிஸ்ட்? எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் அழுதுட்டாங்க. போன வாரமே டெமோவை எங்க வெப்சைட்ல எல்லாரும் ஆடற மாதிரி போட்டுட்டோம். எல்லாரும் அந்தக் குரலைப் பத்தித்தான் பேசறாங்க."

நாலாம் மாடிக்கு நான் நடிகை யாரையும் போடவே இல்லையே.

பதறித் திறந்து பார்த்தேன். அம்மா. என் அம்மாவின் குரல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சுவருக்கு அப்பால் கேட்கும் பாத்திரச் சத்தம் வேண்டும் என்று சமையலறையில் போனை வைத்துப் பதிவு செய்தேன். அப்போது அம்மா தன் சிநேகிதியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வரி: "அவர் போனதுக்கப்புறம்தான் நான் நல்லாத் தூங்கறேன். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" அவர் என்றால் அப்பா.

அந்த ஒரு துண்டுக்கு மட்டும் "நாலாம் மாடி" என்று பெயர் வைத்திருக்கிறேன். "இப்போதைக்கு" இல்லை. தேடலில் எப்படிச் சிக்கும்?

எப்படி மறந்தேன்? எழுநூறு ஃபைலில் ஒன்றுக்கு மட்டும் ஏன் — வேண்டாம், இன்று இதை யோசிக்கமாட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவள் அலுவலகத்தில் யாரோ ஆடியிருக்கிறார்கள். மத்தியானம் நேரே வந்து அம்மா காதில் போனை வைத்துவிட்டாள்.

அம்மா முழுவதும் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். "என்னைக் கேட்டியாடி?" என்றாள், அவ்வளவுதான்.

"மறந்துட்டேம்மா. மாத்தணும்னுதான் இருந்தேன்."

"நீயா? நான் திட்டினது ஒண்ணையாவது நீ மறந்திருக்கியா? தேதியோட சொல்லுவியே."

எனக்கும் கோபம் வந்தது. பொய்யா போட்டேன்? நீ சொன்னதுதானே? கேட்டவங்கள்லாம் அழறாங்க, கேலி பண்ணல, உனக்கு ஏன் அவமானம்? அப்பா எப்படிப்பட்டவர்னு இந்த வீட்டுல யாருக்குத் தெரியாது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

"தெரியும். ஆனா நான் சொல்லல. உங்க ரெண்டு பேர்கிட்டயும்கூட சொல்லல" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 1, புதன்

அம்மா பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. தெளிவாகவே புரிகிறது.

ஏப்ரல் 4, சனி

ஒப்பந்தம் வந்துவிட்டது. ஸ்டார் இல்லை, நேரக் கணக்கு இல்லை, விளையாட்டு முழுக்க என் விருப்பம். நாலு வருஷமாக எதற்காக எல்லோரிடமும் மல்லுக்கு நின்றேனோ அத்தனையும் எழுத்தில். ஒரே நிபந்தனை: நாலாம் மாடிக் குரல் இருக்கவேண்டும், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அது என் அம்மா, அவளுக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னேன். சிரித்தார். "அம்மாதானே? பேசி சரிக்கட்டுங்க. இல்லேன்னா குரலைக் கொஞ்சம் மாத்திடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

மாற்றியும் பார்த்தேன். வெட்கமில்லாமல் பார்த்தேன். சுருதியைக் கூட்டினேன், குறைத்தேன். "யார்கிட்ட" என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குவாள். அதை என்ன செய்தாலும் அது அம்மாதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஒப்பந்தத்தை அச்செடுத்து அம்மா முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"உன் லிஃப்டுல எவனும் ஸ்டார் ஒட்டக்கூடாது. ஏன்னா அது உன்னோடது."

"ஆமா."

"நான் பேசினது யாரோடது?"

அம்மா தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

மறக்கவில்லை. இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன். அந்த வரியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் தேடலில் சிக்காத பெயரை வைத்தேன். என் பொருளில் கை வைக்காதே என்று ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே அவள் பொருளை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அழித்துவிட்டேன். பிரதிகளையும். டெமோவை உடனே எடுக்கச் சொல்லி எழுதினேன். எடுத்துவிட்டார்கள். கூடவே ஒப்பந்தத்தையும்.

கோட்டுக்காரர் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டார். "சென்டிமென்ட்ல கெடுத்துக்கறீங்க. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது."

"வராட்டி போகட்டும் சார். ஸ்டாருக்கு முடியாதுன்னு சொன்ன அதே வாய்தான் இது."

வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன். அது வேறு கணக்கு. வருத்தம் இருக்கிறது, சந்தேகம் இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

நாலாம் மாடிக்காரிக்குப் புது வசனம் எழுதிப் பார்க்கிறேன். பன்னிரண்டு விதமாக எழுதியாயிற்று. எல்லாமே நாடகம். அசல் வரியை ஒருமுறை கேட்ட காதுக்கு எதுவும் ஒட்டவில்லை.

பேசாமல் விட்டுவிட்டால்?

ஏப்ரல் 18, சனி

விட்டுவிட்டேன். ஏறுவாள், கைப்பையைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நிற்பாள், இறங்குவாள். மற்ற எல்லோரும் பேசுவார்கள். அவள் பேசமாட்டாள்.

ஜூன் 5, வெள்ளி

வெளியிட்டேன். நானே, என் பெயரில். காலை பதினொரு மணிக்கு அந்தப் பொத்தானை அமுக்கினேன். ஒரு மேளமும் கொட்டவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 7, ஞாயிறு

அம்மா இன்று தானாக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எதை அமுக்கணும்?"

முதல் பத்து நிமிஷம் யாரையும் காக்கவைக்கப் பொறுக்கவில்லை, ஓடி ஓடி எல்லோரையும் ஏற்றினாள். அப்புறம் இரண்டாம் மாடித் தம்பதி சண்டையில் சிக்கிக்கொண்டாள். மீதியைக் கேட்பதற்காக மற்றவர்களை நிற்கவைத்தாள். ஆறாம் மாடிக்காரர் பாவம், எட்டு நிமிஷம் நின்றார்.

பிறகு நாலாம் மாடி. ஏறினாள், நின்றாள், இறங்கினாள். அம்மா காத்திருந்து மறுபடியும் ஏற்றினாள். மூன்றாவது முறையும்.

"பேசாட்டியும் கோவமாத்தான் இருக்கா" என்றாள்.

"தெரியுதா?"

"நிக்கறதைப் பாத்தாலே தெரியுது." எழுந்து போகும்போது என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். மார்ச்சில் வைத்திருக்கவேண்டிய குட்டு.

ஜூன் 16, செவ்வாய்

அங்கங்கே ஆடுகிறார்கள். கூட்டம் இல்லை, ஆனால் ஆடுகிறவர்கள் நீளநீளமாக எழுதுகிறார்கள். இன்று ஒருவர், நாற்பது தடவை ஏற்றியும் நாலாம் மாடி அம்மா பேசவே இல்லை, அது பிழையா, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டிருந்தார். காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் போன அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

பையைக் கீழே வைத்தாள். "எழுது. பிழை ஒண்ணும் இல்ல. அவங்களுக்குப் பேச இஷ்டமில்ல."

"அவ்வளவுதானா? காரணம் கேட்டா?"

"காரணம் சொல்லணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"சரி. கீழ யார் பேரைப் போடறது? உன் பேரா, என் பேரா?"

பையை மறுபடி தூக்கிக்கொண்டாள். "நாலாம் மாடின்னு போடு" என்றாள்.

போட்டு அனுப்பிவிட்டேன்.