வட்டாவை இஞ்ச வை

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் சந்திக் கடையில் வடை வாங்கி வந்தேன். வடையைத் தட்டில் கொட்டிவிட்டு, அதைச் சுற்றியிருந்த பேப்பரை விரித்தேன். எண்ணெய் ஊறிய இடத்தில் முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஊறாத இடத்தை வாசித்தேன். ஓம், நான்தான் வாசித்தேன். நீ போன பிறகு எனக்கு எழுத்து வந்துவிட்டது. வாசிகசாலையில் வயதானவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். பல் போனவர்களெல்லாம் வரிசையாக இருந்து ஆனா ஆவன்னா சொல்கிறோம். இப்போது சோப்புப் பெட்டி, மருந்துப் போத்தல், பஸ்ஸின் நெற்றி, ஒன்றையும் நான் விடுவதில்லை.

"பேப்பரத் தின்னப் போறீங்களா, வடையத் தின்னப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

"பொறு புள்ள, இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு."

"நீங்க வாசிச்சு முடிய வடை ஊசிப் போயிரும்."

ஊசவில்லை, ஆறிப்போனது. ஆறிய வடையைத் தின்ன எனக்கு மனமும் வரவில்லை. செய்தி அப்படி. காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண்பிள்ளையை, அவள் வேலைக்கு நின்ற வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். அயலவர்கள் சொல்லி, பொலிஸார் வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகம் பெரிய படமாகப் போட்டிருந்தது. அவளுடைய பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருந்தது. அடித்தவர்களுக்குப் பெயர் இல்லை. 'வீட்டார்' என்று மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இருந்தது, பொலிஸார் சொன்னது இருந்தது. அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினேன். ஒருவேளை நான்தான் ஒரு வரியைத் தவறவிட்டேனோ என்று திரும்பவும் தேடினேன். இல்லை. கையால் பேசுகிறவர்களின் பேச்சை விளங்கிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கே தெரிந்த விசயம் அது. யாரும் அவளிடம் கேட்கவில்லை.

தலைப்பில் 'பரிதாபம்' என்று போட்டிருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி அந்தச் சொல்லை நான் முடித்தபோது உன் நினைவு வந்துவிட்டது. உனக்கு அந்தச் சொல் பிடிக்காது. இறால் கூடையோடு உன்னைக் கண்டு யாராவது "பாவம்" என்று வாய் திறந்தால், "பாவம் இருக்கட்டும், இறால் வாங்குங்க" என்பாய். வெட்கத்தில் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

நீ நடந்து நான் கண்டதில்லை. நாம் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலேயே இளம்பிள்ளைவாதம் வந்து உன் கால்கள் சூம்பிவிட்டன. முழங்காலில் டயர்த் துண்டு கட்டி, கைகளில் செருப்பு மாட்டிக்கொண்டு நீ போகும் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருக்கும். தோணியில் ஏறிவிட்டால் அந்த வித்தியாசமும் இல்லை. தோணியில் எல்லாரும் இருந்துதானே துடுப்பு வலிக்கிறோம். ஆற்றின் நடுவில் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எவன் நீ, எவன் நான் என்று தெரியாது.

உனக்கு நடந்ததை நான் எழுத வேண்டும் என்று எழுத்து வந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். வடைப் பேப்பர் அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

அன்று காலை நாம் இறாலோடு அக்கரைக்குப் போகப் பாதையில் ஏறியிருந்தோம். வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் ரோட்டு. நமக்கு அது ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. நீ வழக்கம்போல முன்மூலையில், கம்பி முடிகிற இடத்தில் இருந்தாய். பாதை புறப்படுகிற நேரத்தில், கட்டட வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிற அந்தக் கொந்தராத்துக்காரர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினார்.

"ஏய், அங்கால போ."

"பொறுங்க தம்பி, கூடைய எடுக்கிறன்."

அவர் பொறுக்கவில்லை. காலைத் தூக்கி உன் தோளில் வைத்து, ஒரு சாக்கைத் தள்ளுவது போல் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டிருக்க, நீயும் கூடையும் ஆற்றுக்குள். சனம் கத்தியது. நீ தலையைத் தூக்கி, தண்ணீரைத் துப்பிவிட்டு, "மச்சான், இறாலெல்லாம் வீட்ட போயிற்று!" என்றாய். கத்திய சனம் சிரித்தது. பயந்தாரோ வெட்கப்பட்டாரோ, அந்த மனிதர் குப்புறப் படுத்து உனக்குக் கையை நீட்டினார். நீயும் பிடித்து ஏறினாய். யாரோ ஒருவருடைய போன் அந்த நேரத்தில்தான் படம் பிடிக்கத் தொடங்கியது.

அன்று பின்னேரம் பார்த்தால் ஊரெல்லாம் அந்தப் படம். சோக வாத்தியம் வேறு போட்டிருந்தார்கள். நனைந்த நீ, நீட்டிய அவர் கை. 'மனிதம் இன்னும் சாகவில்லை' என்று கீழே எழுதியிருக்கிறது என்று கடைக்காரர் வாசித்துச் சொன்னார். மறுநாள் பேப்பரிலும் வந்தது. 'தவறி விழுந்த மாற்றுத்திறனாளியைக் காப்பாற்றினார்' என்று. நமக்கு அப்போது எழுத்துத் தெரியாது. வாசித்தவரை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாய். பிறகு வலையை எடுத்து வைத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகுதான் கமராவோடு அந்தப் பெடியன் வந்தான். இணையத்தில் செய்தி போடுகிறவன். உனக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம் கேட்டான்.

"ஐயா, இவர் கதைப்பாரா?"

"கதைப்பன் தம்பி, பாட்டும் படிப்பன். எது வேணும்?" என்றாய் நீ.

அவன் சிரித்துச் சமாளித்துக்கொண்டு உன் பக்கம் குனிந்தான். "உங்களைக் காப்பாற்றினவருக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?"

"ஏன் தள்ளினீங்க எண்டு கேக்க விரும்புறன்."

கமராவைத் தாழ்த்திவிட்டான். "ஐயா, அப்பிடிச் சொன்னா வம்பு. சனம் இப்ப நல்ல மனசோட பாக்குது. உங்களுக்கு நிறைய உதவி வரும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. உதவி வந்தது. அரிசி வந்தது, மெத்தை வந்தது. சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, உன்னைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். அவர்கள் போனதும் அது உன் வளவு மணலில் சக்கரம் புதையப் புதைய நின்றது. "மணலுக்கு மேல ஓடுற கதிரை கிடையாதாமா?" என்று கேட்டுவிட்டு, அதன் முதுகில் வலையைக் காயப்போட்டாய்.

பாதையில் நின்ற சனமெல்லாம் நடந்ததைக் கண்டவர்கள்தான். கேட்டால், "கையும் குடுத்தவர்தானே, விடுங்க" என்றார்கள். "இப்ப உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? எல்லாம் வந்து சேருதே" என்றும் ஒருவர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. உன் கூரைக்குக் கிடுகு கட்டித் தந்த மனிதர். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது.

அன்று நீ என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தண்ணி பட்டது பெரிசில்ல மச்சான். விழுந்தவன் எண்டு எழுதிப்போட்டானுகள். நான் விழல்ல. அத அவர் வாயால எனக்குச் சொல்லோணும். கால் உள்ள ஒருத்தனத் தள்ளியிருந்தா, விடியக்குள்ள வட்டாவோட வந்து நிண்டிருப்பார்."

அது சரிதான். கலியாணத்துக்குச் சொல்லவும் வட்டா, பிழை செய்தால் பொறுக்கச் சொல்லிக் கேட்கவும் வட்டா. அந்தப் பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் அடுக்கி, யாரிடம் கேட்கிறோமோ அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் ஒரு வெற்றிலை எடுத்தால் அந்தக் கதை முடிந்தது. நம் பக்கத்தில் இதைத் தெரியாதவர் யாரும் இல்லை.

அந்த வருசம் அம்மன் கோயில் சடங்கு நெருங்கியது. படத்தைப் பார்த்த வண்ணக்கர், கோயில் காரியங்களுக்குப் பொறுப்பான பெரிய மனிதர் அல்லவா, கொந்தராத்துக்காரருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானித்திருந்தார். கேள்விப்பட்டதும் நீ கோயில் வாசலுக்குப் போனாய். நானும் வந்தேன். வண்ணக்கர் என்னைப் பார்த்து, "என்ன அலுவல்?" என்றார். நீ கீழேயிருந்து பதில் சொன்னாய்: "வண்ணக்கர் ஐயா, நடந்ததப் பாதையில நிண்ட ஆரிட்டயும் விசாரிச்சுப் பாருங்க. அவரை முதல்ல என்னிட்ட வரச் சொல்லுங்க. மறுகா நீங்க போர்த்துங்க, நானும் கை தட்டுறன்."

அவர் விசாரித்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். வண்ணக்கர், கொந்தராத்துக்காரர், கூட இரண்டு பேர். உன் வீட்டு விறாந்தையில் உன் தம்பி கதிரையில் இருந்தான். நீ பக்கத்தில் பாயில். நான் கூரையைத் தாங்கும் கப்பு மரத்தோடு சாய்ந்து நின்றேன். கொந்தராத்துக்காரர் வட்டாவை இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாகக் கொண்டுபோய் உன் தம்பியின் முன்னால் வைத்தார். "தம்பி, அண்ணன்ட விசயத்தில ஒரு பிழை நடந்து போயிற்று" என்றார்.

வட்டாவைத் தம்பியின் முன்னால் வைத்தது யாருக்கும் பிழையாகப் படவில்லை. வண்ணக்கர் தலையாட்டினார். உன் தம்பி வெற்றிலைக்குக் கையை நீட்டவே போய்விட்டான்.

"தம்பி, கைய எடு," என்றாய் நீ. உன் தம்பி கையை இழுத்துக்கொண்டான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாய். "ஆத்துக்குள்ள போனது நான். வட்டாவை இஞ்ச வை."

'வையுங்க' என்றுகூடச் சொல்லவில்லை. அவர் உன் தம்பியைப் பார்த்தார், வண்ணக்கரைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வட்டாவை எடுத்தார். நீ பாயில் இருந்தபடியால் உனக்கு முன்னால் வைக்க அவர் முழங்கால் மடிக்க வேண்டியிருந்தது. மடித்தார்.

"அண்ணன், தெரியாமப் பட்டிட்டு."

"தெரியாமப் பட்டதெண்டா வட்டா என்னத்துக்கு? கொண்டு போங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவசரத்தில காலால தள்ளிட்டன். பொறுத்துக்கொள்ளுங்க" என்றார்.

நீ ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, ஒரு அவசரமும் இல்லாமல் வாயில் போட்டாய். "சரி. தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க," என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லி நான் கேட்டதில்லை. பாதையில் கண்டால் அவரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அண்ணன், கூடையப் பிடிக்கவா?" என்பார். அந்த வருசச் சடங்கில் பொன்னாடை யாருக்கும் போர்த்தப்படவில்லை.

கமராப் பெடியனுக்கும் சொல்லிவிடு என்று நீ என்னைக் கேட்டாய். போன் எடுத்துச் சொன்னேன். "அதான் பிரச்சினை தீர்ந்துட்டே ஐயா, இதில செய்தி என்ன இருக்கு?" என்றான். பேப்பர்க்காரரும் திருத்திப் போடவில்லை. நீ காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தபோது அதே படம் திரும்பவும் சுற்றியது. அதே வாத்தியம். 'அன்று காப்பாற்றப்பட்டவர் இன்று காலமானார்' என்று இருந்ததாம். வாசித்துச் சொன்னவர் அழுதுகொண்டே சொன்னார். அவரை நான் என்னவென்று ஏசுவது?

இப்போது பேப்பர் வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரிகிறது. உன்னைப் போன்றவர்கள் அதில் வருவது இரண்டு விதமாகத்தான். ஒன்று பரிதாபம், மற்றது அதிசயம். காலால் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினால் அதிசயம். அடிபட்டால் பரிதாபம். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் அடித்தான், அடித்தவன் பதில் சொல்ல வேண்டும் என்ற சாதாரணச் செய்தியாக அது வருவதில்லை. பேப்பரை மட்டும் சொல்லி என்ன, வட்டா கொண்டு வந்தவரும் கதிரையைத் தேடித்தானே போனார்.

போன கிழமை பஸ்ஸில் கண் தெரியாத ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்தில் இருந்தது. "இவ எங்க இறங்கிற?" என்று கொண்டக்டர் என்னிடம் கேட்டார். "அவவுக்கு வாய் இருக்கு, அவவிட்டக் கேளுங்க," என்றேன். அந்தப் பிள்ளை சிரித்தது. சொன்னது நான்தான். குரல் உன்னுடையது மாதிரி இருந்தது மச்சான்.

இன்று காலை பேப்பர்க்காரருக்கு ஒரு தபாலட்டை போட்டேன். நான் என் கையால் எழுதி அனுப்பிய முதல் தபால். 'அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?' என்று ஒரே வரி. அதற்கே பின்னேரமாகிவிடும் போல் இருந்தது. போடுவார்களோ தெரியாது. போடாவிட்டால் இன்னொன்று எழுதுவேன். கை பழகி வருகிறது.

உனக்கு எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு உன் தம்பி வந்தான். "அண்ணனப் பத்தினதுதானே மச்சான், முடிச்சதும் என்னிட்டத் தாங்க, பத்திரமா வைக்கிறன்" என்றான். நல்லவன், உன்னில் உயிரை வைத்திருந்தவன். "இது அண்ணனுக்கு எழுதினது, தரமாட்டன்" என்றேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு அவனுக்கும் விளங்கிவிட்டது. சிரித்துவிட்டு, "அப்ப நாளைக்கு நானும் வாறன்," என்றான்.

நாளைக் காலை உன்னைப் புதைத்த இடத்துக்கு வருகிறோம். இதை அங்கே உன் முன்னால் வைத்து, முழங்கால் மடித்திருந்து வாசிப்பேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நேரம் எடுக்கும். நீ பொறுத்துக்கொள்.