சலங்கை வைத்த கொலுசு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? இங்கே மூவரும் நலம். போனில் சொன்னால் முழுதாகக் கேட்பதற்குள் அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்ததால் கடற்கரைக்குக் கிளம்பினோம். ரயில் வந்ததும் உன் மாப்பிள்ளை குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கித் தூக்கினார், நான் பைகளோடு ஏறினேன். உள்ளே போனபிறகு, "வாலு எங்க?" என்றேன். "உன்கிட்ட இல்லையா?" என்றார்.

உன் பேத்தி பிளாட்பாரத்தில், தரை துடைக்கும் அம்மாளின் வாளியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். உன் மாப்பிள்ளை பாய்ந்து இறங்கினார், கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஸ்டேஷன் வரை காலி வண்டியோடு நின்ற என்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பின்னாலேயே வந்த ரயிலில் அப்பாவும் மகளும் ஜம்மென்று வந்து இறங்கினார்கள். சிரிப்புதான் போ!

நம் வீட்டில் குழந்தை யாரிடம் என்று யாரும் கேட்பதில்லை. சித்தி இடுப்பிலோ அத்தை மடியிலோ இருக்கும். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டோம். இங்கே என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை என்றால் வேறு யாரிடமும் இல்லை, அம்மா.

"ஒரே சத்தம், வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தேனே, அந்தச் சலங்கை வைத்த கொலுசை அனுப்பு. ஆசாரியிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் சலங்கை சேர்த்தாலும் சரி.

பக்கத்து அறையில் சத்தமே இல்லை. போய்ப் பார்க்கிறேன்.

உன் மகள்